நோர்வூட் வளையம்

ஜெயந்தினிக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவளைக் குறை சொல்ல வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் எடுத்துப் போட்டார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத ஒருத்தி, ஆழத்துக்குப் போகிற சுழியோடிகளுக்கு வார் தைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். பல் டாக்டரிடம் போய், உங்களுக்குப் பல்வலி வந்திருக்கிறதா என்று எவனும் கேட்பதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள் ஒரு சாமானைச் செய்தால் மட்டும் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வாய் முளைத்துவிடும்.

நோர்வூட் டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, இரும்புச் சாமான் கடையின் மாடியில் இருக்கிறது அவளுடைய தையல் அறை. வெளியே தொங்கும் பலகையில் பள்ளிக்கூட உடுப்பு, சாரிக்கு ஓரம் அடித்தல், பைகளுக்கு ஜிப் மாற்றுதல் என்றெல்லாம் எழுதியிருக்கும். சுழியோடி வார் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. உள்ளே இரண்டு மிஷின்கள். ஒன்று துணிக்கு, மற்றது தடித்த பட்டிக்கு. அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தைத்ததை யாரும் கண்டதில்லை. ஒரு தையல் முடிவதற்குள் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பாள், கத்தரிக்கோலைத் தேடுவாள். அது அவள் கையிலேயே இருக்கும். கீழே ஓட்டோவை நிறுத்தியிருக்கும் அவள் புருஷன் சுமனுக்கு, மேலே கேட்கிற காலடிச் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

"மிஷினுக்குத்தான் மோட்டார் பூட்டுனோம். ஒனக்கு யாரு பூட்டுனா?" என்பான்.

அவள் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கட்டுநாயக்கவில் இருக்கும் தையல் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினாள். அவள் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். மற்றவர்களுக்குச் சட்டை, காற்சட்டை வாய்த்தது. அவளுக்கு வாய்த்தது வெளிநாட்டுச் சுழியோடிகளுக்கு வார் தைக்கிற தொழிற்சாலை. முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குகிற வார், மிதப்பதற்காக அதோடு சேர்த்த காற்றுப் பை, இடுப்பில் ஈயக் கட்டி வைக்கிற பை. அந்த ஈயப் பையை மட்டும் அவள் வருடக்கணக்காகத் தைத்தாள். தண்ணீர் மனிதனை மேலே தள்ளும், ஈயம் கீழே இழுக்கும், ஆபத்து வந்தால் பையின் பிடியை இழுத்து ஈயத்தை உதறிவிட்டு மேலே வந்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் ஒருமுறை சொல்லியிருந்தார். அவள் தைத்தது அந்தப் பிடிக்குரிய பைதான். எவனோ ஒருவன் உயிர் அந்தப் பிடியில் தொங்குகிறது என்ற நினைப்பு அவளுக்கு மறந்ததே இல்லை.

தைத்து முடிந்த வாரில் கம்பனியின் பெயர் இருக்கும். தைத்தவளுடைய பெயர் இருக்காது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, உலகம் முழுவதும் அப்படித்தான். ஆனால் ஜெயந்தினிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய அம்மா ராக்காயி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். அந்தத் தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், மலையின் படம் இருக்கும், ராக்காயி இருக்கமாட்டாள். லயத்துக்குக் கடிதம் வந்தால்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். சொந்தமாக ஒரு கதவிலக்கம் கிடையாது. "நம்ம பேரு எழுதுன சாமான் ஒண்ணாச்சும் இந்த ஒலகத்துல இருக்கணும்மா" என்று அவள் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறாள். ராக்காயி சிரித்துவிட்டு, ரேஷன் கார்டில் இருக்கிறதே என்றாள்.

கொரோனாக் காலத்தில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. ஜெயந்தினி ஊருக்கு வந்து, கல்யாணம் கட்டி, நோர்வூட்டில் மிஷின் போட்டாள். அப்போதுதான் லோஜன் வந்தான்.

லோஜன் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் வேலை எடுக்கிற கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் சுழியோடி. அணைக்கட்டு வாயில்களில் இருக்கும் இரும்புக் கிராதியில் மரக்கொப்பும் குப்பையும் வந்து அடைத்துக்கொள்ளும். இறங்கி அதை எடுத்துவிட வேண்டும். சில நேரம் விழுந்து செத்தவர்களையும் எடுக்க வேண்டும். முதலில் கிழிந்த பையைத் தைக்கத்தான் வந்தான். பைக்குள் இருந்த வாரைப் பார்த்ததும் ஜெயந்தினிக்குக் கை பரபரத்தது. இது தன் கைக்குப் பழகிய சாமான். உள்ளே எந்தப் பட்டி எங்கே மடிகிறது என்று பிரிக்காமலே சொன்னாள். அந்த வாரத்திலேயே அவனுக்கு ஒரு புது வார் தைத்துக் கொடுத்தாள். தொழிற்சாலையில் கை பழகிய அதே அளவு, அதே வெட்டு. இது களவா என்று அவளும் யோசிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒரு தை மாதத்தில் லோஜன் வெளுத்துப்போன முகத்தோடு படியேறி வந்தான்.

"செத்துப் பொழச்சேன்க்கா" என்றான்.

அடியில் கிடந்த பழைய மரக்குற்றி ஒன்று அவனுடைய காற்றுப் பையைக் கிழித்துவிட்டது. மேலிருந்து கட்டியிருந்த கயிறும் கொப்பில் சிக்கிக்கொண்டது. ஈயத்தை உதறினால் மேலே வந்துவிடலாம். பிடியைத் தேடியிருக்கிறான். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் தடித்த ரப்பர் கையுறை போட்டுத்தான் இறங்குவார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணும் தெரியாது. சப்பையாக உடம்போடு ஒட்டிக்கிடந்த அந்தச் சின்னப் பிடி அவன் கைக்கு அகப்படவே இல்லை. கூட இறங்கியவன் வந்து இழுத்திராவிட்டால் அவனையும் செத்தவர்களைப் போலத்தான் எடுத்திருப்பார்கள்.

"கையி இருக்கு, வெரலு இல்லாத மாதிரிக்கா. தடவுறேன், தடவுறேன், ஒண்ணுமே தட்டுப்படல."

அன்றிலிருந்து ஜெயந்தினியின் காலடிச் சத்தம் ஓயவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு வெட்டிய பிடி அது. அவனுடைய கடல் வேறு, இந்தக் குளிர் வேறு. லோஜனின் கையுறையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் பிடித்துவைக்கிற பரலுக்குள் வாரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தேடினாள். கிடைக்கவில்லை. பெரிதாக்கித் தைத்தாள். கிடைத்தது, ஆனால் நனைந்ததும் துவண்டுபோய் உடம்போடு ஒட்டிக்கொண்டது. விறைப்பாக நிற்க உள்ளே எதையாவது வைக்க வேண்டும். கம்பி வைத்தால் துருப்பிடிக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பரலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்பு பைப், மேலே ஊற்றிலிருந்து லயத்துக்கு வருவது, கண்ணுக்கு முன்னால் வளைந்து கிடந்தது. மிதித்தாலும் நிமிரும், வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. ஒரு துண்டை வெட்டி, பட்டிக்குள் விட்டு, வளையமாக வளைத்துத் தைத்தாள். கையுறை போட்ட முழுக் கையும் உள்ளே போகிற அளவு. உடம்பைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குருடனும் கண்டுபிடிப்பான்.

சுமன் வந்து பார்த்தபோது தண்ணீர் வராமல் பக்கத்து வீட்டுக்காரி கத்திக்கொண்டிருந்தாள்.

"பைப்ப வெட்டிட்டியாடி?"

"சும்மா இருங்க. ஒட்டிக்கலாம்" என்றாள் ஜெயந்தினி. அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. அவள் வாழ்க்கையில் பார்த்துச் செய்யாமல், யோசித்துச் செய்த முதல் சாமான் அது.

அடுத்த மழைக்காலத்தில் லோஜன் அந்த வளையத்தை நிஜமாகவே இழுக்க வேண்டி வந்தது. இழுத்தான், மேலே வந்தான், கரையில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்தான். பிறகு மலைநாட்டு அணைக்கட்டுகளில் இறங்குகிறவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். ஆட்கள் அதற்கு நோர்வூட் வளையம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போது லோஜன் நீர்கொழும்புக்கு ஒரு வேலையாகப் போனான். போன இடத்தில் வாரின் கொக்கி உடைந்தது. அன்ஸ்லம் என்பவரின் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தான். அன்ஸ்லம் மெதுவாகப் பேசுகிற, வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். கடலில் மூழ்கிய கப்பல்களிலிருந்து பழைய இரும்பு எடுக்கிற சுழியோடிகளுக்குச் சாமான் விற்பவர். அவர் கொக்கியைச் சரிசெய்து கொடுத்தார். கொடுப்பதற்கு முன் வேறு என்ன செய்தார் என்பது கொஞ்ச மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

லோஜன் ஒருநாள் போனை நீட்டினான். பேஸ்புக்கில் அன்ஸ்லமின் கடை விளம்பரம். புத்தம் புது வார். இடுப்பில் அவளுடைய வளையம்.

ஜெயந்தினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். "என் கைய வெட்டி எடுத்துட்டுப் போயிட்டானே" என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. சுமன் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை.

"அவனுக்கு வேற ஊரு, வேற ஆளு. ஒன் யாவாரத்துக்கு என்னா கொறஞ்சிச்சு?"

"யாவாரத்த யாரு கேட்டா? அது நான் யோசிச்சதுங்க. நான்!"

நீர்கொழும்புக்கே போய்ப் பார்த்தாள், கத்தினாள், அன்ஸ்லமின் கடை வாசலில் கூட்டம் கூடியது. கடைசியில் விஷயம் அங்குள்ள இணக்க சபைக்குப் போனது. வழக்கு, கோர்ட் என்று அலையாமல் பேசித் தீர்க்கிற இடம். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. தலைமையில் இராசமணி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்.

அன்ஸ்லம் முதலில் நல்ல அடியாகத்தான் அடித்தார். "டீச்சர், இந்தத் தங்கச்சி கட்டுநாயக்கவில கம்பனியொண்டில வேலை செஞ்சவ. இந்த வார் முழுக்க அந்தக் கம்பனியிட வெட்டு. களவு எண்டா முதல் களவு யாரிட?"

அதில் பொய் இல்லை. ஜெயந்தினிக்குக் காது சூடாகியது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"வாரு அவங்களோடதுதாங்க, டீச்சர். பையும் அவங்களோடதுதான். நான் இல்லேங்கல. அந்த வளையம் மட்டும் என்னோடது." பிறகு கொண்டுபோயிருந்த அன்ஸ்லமின் வாரை மேசைமேல் வைத்து, வளையத்தின் தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து கறுப்பு பைப் துண்டு விழுந்தது. "இவரு ஊருல ஊத்துத் தண்ணி லயத்துக்கு பைப்புலயா வருது? இது எதுக்கு உள்ள இருக்குன்னு இவர கேளுங்க. எதுக்கு இவ்வளவு பெருசா இருக்குன்னு கேளுங்க."

ஆசிரியை அன்ஸ்லமைப் பார்த்தார். அன்ஸ்லமுக்குத் தெரியவில்லை. இருந்தது, வைத்தோம் என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஜெயந்தினியும் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கேள்வியின் மறுபாதியைத் தான் கேட்கவில்லை என்பது அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை.

"சரி பிள்ளை, உமக்கு என்ன வேணும்? நட்டஈடோ?" என்று கேட்டார் ஆசிரியை.

சுமன் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்தான். ஜெயந்தினி அதைக் கவனிக்கவே இல்லை.

"பேரு வேணும் டீச்சர். அவரு தைக்கிற ஒவ்வொண்ணுலயும் என் பேரு இருக்கணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அன்ஸ்லம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தாராளமாக, என்றார். வளையம் ஜெயந்தினியுடையதுதான் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தவரைக் கண்டு அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வியாபாரி ஒருவன் சிரித்துக்கொண்டே கொடுக்கிற சாமானைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் பெயர் என்று வந்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஹட்டனில் சொல்லி நெய்த துணி லேபல் எடுத்தாள். "ஜெயந்தினி, நோர்வூட்" என்று மூன்று மொழியிலும். ஒரு சுருளை நீர்கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பினாள். ஒரு துண்டை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ராக்காயிக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

லோஜன் மட்டும் ஒருமுறை, போகிறபோக்கில், "அங்க தண்ணி வேறக்கா" என்றான். என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. லேபலை எந்தப் பக்கம் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருடம் திரும்புவதற்குள் நீர்கொழும்புப் பொலிசிலிருந்து போன் வந்தது. சிங்களத்தில் பேசினார்கள். நோர்வூட் ஜெயந்தினி நீங்கள்தானா என்று கேட்டார்கள். டெரன்ஸ் என்ற சுழியோடி கப்பலடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஈயப் பை கழன்று விழுந்துவிட்டது. ஆள் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கால் இரண்டும் அசையவில்லை. வாரில் உங்கள் பெயர் இருக்கிறது, வந்து வாக்குமூலம் கொடுங்கள் என்றார்கள்.

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. அன்ஸ்லம்.

"தங்கச்சி, என்ட லோயர் சொல்றார், வளையம் உங்கட எண்டு நீங்களே சபையில சொல்லி எழுதியிருக்கு எண்டு. நான் உங்கட மாதிரிய தைச்சவன் மட்டும்தானே. கோவிக்க வேணாம், என்ன?"

குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. விற்கும்போது தன்னுடையது, விழுந்தபோது அவளுடையது. ஜெயந்தினி ஜன்னலுக்கும் மிஷினுக்கும் இடையில் நடந்தாள், திரும்ப நடந்தாள். சுமன் மேலே வந்தபோது அவள் லேபல் சுருளைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

"நீ தைக்கலன்னு சொல்லிரு" என்றான் சுமன். "அதுதான உண்மை. ஒரு தையலு ஒன்னோடதா? எவனோ தச்சான், எவனோ வாங்குனான். ஒனக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

"ஆமா, நான் தைக்கல" என்றாள். அதைத் தனக்குத்தானே பலதடவை சொல்லிப் பார்த்தாள். உண்மையாகத்தான் இருந்தது. உண்மையான ஒரு வார்த்தை இவ்வளவு கூசுமா என்று அவளுக்குப் புரியவில்லை.

லோஜனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கினிகத்தேனையில் பஸ் நின்றபோது எல்லோரும் தேத்தண்ணிக்கு இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"தண்ணி வேறன்னு சொன்னியே, லோஜன். என்னா வேற? இப்ப சொல்லு."

லோஜன் தயங்கித்தான் சொன்னான். "நம்ம பக்கம் ஆழம் கொஞ்சம்க்கா. ஈயம் விழுந்து மேல வந்துட்டாலும் மூச்சு வாங்கிட்டு வீட்டுக்குப் போலாம். அங்க ரொம்ப ஆழத்துல ரொம்ப நேரம் நிப்பாங்க. நின்னு நின்னுதான் மேல வரணும். ஒரேயடியா வந்தா ரத்தத்துக்குள்ள காத்து குமிழியா வந்துரும். சோடாப் போத்தலத் தொறந்த மாதிரி. கால் போயிரும், உசுரும் போயிரும்." கையால் நுழைகிற மாதிரிக் காட்டினான். "அப்பறம் கப்பல்ல பூரா பழைய வலை, கம்பி. அதுக்குள்ள நுழைஞ்சி போவாங்க. வளையம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதில்ல. வலையில மாட்டியிருக்கும். அவரு முன்னுக்குப் போயிருப்பாரு. வலையே ஈயத்த உருவி எடுத்திருக்கும்."

"அவங்க கையுறை போடுவாங்களா?"

"எதுக்குக்கா? கடல் சூடுதான. வெறுங்கை. பழைய சின்னப் பிடியே அவங்களுக்குப் போதும்."

 சபையில் அவள் கேட்ட கேள்வி திரும்பி வந்து அவள் முன்னாலேயே நின்றது. எதுக்கு இவ்வளவு பெருசா இருக்குன்னு கேளுங்க. அன்ஸ்லமுக்குத் தெரியாது என்று சிரித்தாள். ஏன் பெரிது என்று தெரிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அது கடலுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடியவளும் அவள் ஒருத்திதான். அவளோ பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். லோஜன் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தான். ஹட்டன் தேயிலை ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டெரன்ஸ் அவள் நினைத்ததைவிட இளவயதுக்காரனாக இருந்தான். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். ரத்தத்துக் குமிழி கரைவதற்குக் காற்றழுத்தம் கொடுக்கிற அறைக்குள் பலமுறை வைத்து எடுத்தாயிற்றாம். ஒரு கால் கட்டைவிரல் மட்டும் நேற்றிலிருந்து அசைகிறதாம். அதையே பெரிய சந்தோஷமாகச் சொன்னான். ஜெயந்தினி தயார்செய்து வந்திருந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. நான் தைக்கல.

"நீங்கதானா அக்கா அது? நோர்வூட் ஜெயந்தினி?" அவன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பொம்பிளை எண்டு நான் நினைக்கல்ல. அது ஆண்பிள்ளை ஒருத்தர், பழைய சுழியோடி எண்டு நினைச்சேன்."

"எனக்கு நீந்தக்கூடத் தெரியாதுங்க" என்றாள்.

அவன் சிரித்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். "கடையில வேற வார்களும் இருந்திச்சு, விலை குறைவா. நான் இத எடுத்தது ஏனெண்டா இதில மனுசப் பேர் இருந்திச்சு. மத்தது எல்லாத்திலயும் கம்பனிப் பேர்தான். ஒரு ஆள் தன்ட பேரப் போடுறாரெண்டா, பொறுப்பா யோசிச்சுத்தான் போட்டிருப்பார் எண்டு நினைச்சேன்."

ஜெயந்தினி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தயார்செய்து வந்த வார்த்தை எங்கே போனதென்று தெரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் எதற்கு என்று கேட்டான். மலைத் தண்ணீருக்கு யோசித்ததைக் கடலுக்கு விட்டுவிட்டேன், உங்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முழுவதையும் சொன்னாள். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வெளியே வந்தாள்.

பொலிசில், தையல் என்னுடையதல்ல, வளையம் என்னுடையது என்று சொன்னாள். எழுதியவர் இரண்டில் எதை எழுதுவது என்று கேட்டார். இரண்டையும் எழுதுங்கள் என்றாள்.

அங்கிருந்து நேரே அன்ஸ்லமின் கடை. விற்ற வார்கள் இன்னும் யார் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டாள். அன்ஸ்லம் கையைப் பிசைந்தார். இந்த நேரத்தில் கிளறினால் கடைக்குக் கெட்ட பெயர் வரும், லோயரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"கெட்ட பேரு ஒங்களுக்கு எப்பிடிங்க வரும்? பேரு என்னோடதுதான. அத வாங்கிக்கத்தான நான் அவ்வளவு சத்தம் போட்டேன். ஆளுங்க எங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே போறேன்."

கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்ஸ்லமுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவரும் வெள்ளைச் சட்டையோடு கூட நடந்து வந்தார்.

கரையில் படகுகளை இழுத்துவிட்டிருந்தார்கள். முதல் படகிலேயே ஒரு வார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் வளையம் நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் அவளுடைய பெயர் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. ஜெயந்தினி கைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்ததும் படகுக்காரர் ஓடிவந்து வாரைப் பிடுங்கிக்கொண்டார். நரைத்த, வெயிலில் கறுத்த மனிதர்.

"விசரா உனக்கு? இது அசல் சாமான். பேர் போட்டது. பார், ஜெயந்தினி, நோர்வூட். ஆரும் தொட ஏலாது."

அவர் அவளுடைய பெயரைக் காட்டி அவளையே விரட்டுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"அந்தப் பேரு நான்தாங்க ஐயா" என்றாள். "குடுங்க."

அவர் நம்பவில்லை. லோஜன் எடுத்துச் சொன்னான், அன்ஸ்லமும் தலையாட்டினார். டெரன்ஸின் பெயரைச் சொன்னதும் மனிதர் மெதுவாக வாரை நீட்டினார். ஜெயந்தினி மணலில் உட்கார்ந்து வளையத்தைப் பிரித்தாள். கறுப்பு பைப் துண்டு மணலில் விழுந்தது. மிச்சப் பட்டியைச் சப்பையாக மடித்து, தொழிற்சாலையில் பழகிய அந்தப் பழைய சின்னப் பிடியாகவே, மெழுகு நூலால் கையாலேயே தைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால் அவ்வளவு நேரமும் அவள் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.

"என்னோடதையும் வெட்டிறாதீங்கக்கா" என்றான் லோஜன்.

"ஒனக்கு அது வேணும். நீ எறங்குறது மலைத் தண்ணி."

தைத்து முடிந்ததும் கத்தியின் நுனி லேபலின் ஓரத்துக்குப் போனது. அன்ஸ்லம் அதைக் கவனித்தார். "ஓம் தங்கச்சி, அதையும் எடுத்துருங்க. அதுதான் புத்தி. வளையம் இல்லையெண்டா உங்கட பேர் எதுக்கு?"

அவள் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டாள். படகுக்காரரிடம் அழியாத மையில் எழுதுகிற பேனா இருக்கிறதா என்று கேட்டாள். வலையில் குறி போடுகிற தடித்த பேனா ஒன்றைக் கொண்டுவந்தார். பெயருக்குக் கீழே தன் போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாக எழுதினாள்.

அன்ஸ்லம் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன செய்றீங்க? இனி என்ன நடந்தாலும் எல்லாரும் உங்களத்தான் தேடி வருவாங்க!"

ஜெயந்தினி மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். அடுத்த படகு கொஞ்சம் தூரத்தில் இருந்தது.

"வரட்டுங்க" என்றாள். "நோர்வூட்டுக்கு பஸ் இருக்கு."